எலும்பு இருக்கிறது, மூடத் தோல் இல்லை: முழங்காலுக்குக் கீழே நீளத்தைக் காப்பது எப்படி?

கேள்வி இது: சக்கரம் ஏறி நசுங்கிய காலில் பாதத்தைக் காப்பாற்ற வழியில்லை, அகற்றியே ஆகவேண்டும். முழங்கால் நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே பத்து, பன்னிரண்டு செ.மீ. எலும்பும் இருக்கிறது. ஆனால் அதை மூடத் தோலும் சதையும் இல்லை என்பதால் முழங்காலுக்கு மேலே எடுத்துவிடலாம் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. தோல் இல்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால், முழங்காலை இழக்க அது போதாது. முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. மூட்டு உருப்படியாக இருக்கிறதா? முழங்காலை நீட்டும் தசைநார் டிபியாவில், அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பில், இன்னும் ஒட்டியிருக்கிறதா? மிச்சமிருக்கும் எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தோலையும் சதையையும் உடம்பின் வேறு இடத்திலிருந்து கொண்டுவரலாம். போன முழங்காலைக் கொண்டுவர வழியில்லை.

முழங்காலுக்கு ஏன் இத்தனை மதிப்பு? விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் செயற்கைக் காலோடு நடக்க, ஒவ்வொரு மீட்டருக்கும் சாதாரண நடையைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகிறது. முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு இது 60 முதல் 70 சதவீதம். உடம்பு இதைச் சமாளிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் மூச்சு வாங்குவது வெளியே தெரியாது. ஆனால் ஒரு நாளில் நடக்கும் தூரம் சுருங்கும். மாடிப்படி, சரிவு, தரையிலிருந்து எழுந்திருப்பது எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும். இரண்டு கால்களும் போனவருக்கு இந்தக் கணக்கு பல மடங்கு முக்கியம். அவருக்கு ஒரு முழங்காலைக் காப்பாற்றிக் கொடுப்பது சக்கர நாற்காலிக்கும் நடைக்கும் இடையிலான வித்தியாசமாக இருக்கக்கூடும்.

எவ்வளவு எலும்பு போதும் என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: நீளம் கூடக் கூட நல்லது என்பது. அப்படி இல்லை. முழங்கால் மூட்டுக்கோட்டிலிருந்து 12.5 முதல் 17.5 செ.மீ. வரை டிபியா இருந்தால் போதும். நோயாளியின் உயரத்தில் ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் 2.5 செ.மீ. எலும்பு என்பது பழைய கைக்கணக்கு, இன்றும் உதவும். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 14 செ.மீ. அளவில் வரும். இதைவிட நீளமாக, காலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு வரை இழுத்துக்கொண்டு போனால் அங்கே தசையே இல்லை. தோல் நேராக எலும்பில் ஒட்டிக்கொண்டு, குளிர்ந்து, உரசிப் புண்ணாகும். போதாக்குறைக்குச் செயற்கைப் பாதத்துக்கு இடமும் இருக்காது. நல்ல கார்பன் பாதங்கள் பலவற்றுக்கு ஸ்டம்பின், அதாவது அகற்றியபின் மிஞ்சும் காலின், முனைக்கும் தரைக்கும் நடுவே 20 செ.மீ. அளவு இடம் வேண்டும்.

குறைந்தபட்ச எல்லை வேறு கதை. முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் முண்டில்தான் சில்லின் தசைநார் ஒட்டியிருக்கிறது. அது போனால் முழங்காலை நீட்ட ஆளில்லை. அந்த முண்டுக்குக் கீழே கொஞ்சமாவது எலும்பு வேண்டும். மூட்டுக்கோட்டிலிருந்து 5 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், உட்காரும்போதும் மடக்கும்போதும் ஸ்டம்ப் சாக்கெட்டிலிருந்து (செயற்கைக் காலில் ஸ்டம்ப் அமரும் கூட்டிலிருந்து) நழுவி வெளியே வரும். ஆகவே 5-க்கும் 12-க்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு செ.மீ.யும் சண்டை போட்டுக் காக்க வேண்டியது. 15-க்கு மேல் உள்ளவற்றை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக நல்ல சதை வாங்கிக்கொள்ளலாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிது.

நீளம் பறிபோவது பெரும்பாலும் முதல் அறுவையில்தான், பலநாள் கழித்து அல்ல. ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும், டெட்டனஸ் ஊசியும் கூடவே. பிறகு டிப்ரைட்மென்ட், அதாவது செத்ததையும் அழுக்கேறியதையும் வெட்டி நீக்குவது. வெட்டினால் ரத்தம் கசியாத, கிள்ளினால் சுருங்காத தசை போகவேண்டியது. கசியும் தோல் எந்த வடிவத்தில் தொங்கினாலும் இருக்கட்டும். கழுவுவதற்கு 9 லிட்டர் வரை வெறும் சலைன் (உப்புநீர்க் கரைசல்), தாழ்ந்த அழுத்தத்தில். பம்பு வைத்துப் பீய்ச்சுவதால் கூடுதல் பலன் இல்லை, சோப்புக் கரைசல் சலைனைவிட மோசம் என்று 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. காயத்தைத் தைத்து மூடாமல் வேக்யூம் டிரெஸ்ஸிங் (கசிவை உறிஞ்சி எடுக்கும் கட்டு) போட்டுவிட்டு, 48 முதல் 72 மணி நேரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். நசுங்கிய தசையின் எல்லை முதல் நாளில் முழுதாகத் தெரியாது.

அந்த முதல் அறுவையில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, சுத்தமான மட்டத்தில் சுற்றிலும் நேராக வெட்டிவிடுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் ஒருபக்கம் உயிரோடு இருந்த பத்து செ.மீ. தோல் குப்பைக்குப் போயிருக்கும். பாடப்புத்தகத்தில் உள்ள நீண்ட பின்பக்க ஃப்ளாப் (ரத்த ஓட்டத்தோடு திருப்பி மூடும் தோல்-சதை மடல்), 1960-களில் சியாட்டிலின் எர்னஸ்ட் பர்ஜஸ் பரப்பியது, திட்டமிட்டுச் செய்யும் அறுவைக்கு அருமையானது. விபத்தில் அந்தப் படத்தைத் தேடி மேலே மேலே போகக்கூடாது. உள்பக்கத் தோல் மிஞ்சினால் உள்பக்கத்திலிருந்து மூடலாம், முன்பக்கம் மிஞ்சினால் முன்பக்கத்திலிருந்து. இரண்டாவது தவறு, டிபியா மேலே உடைந்திருந்தால் அந்த உடைப்பு வழியாகவே எடுத்துவிடுவது. உடைந்த எலும்பைச் சேர்த்துவிட்டுக் கீழே வெட்டலாம். தகடோ கம்பியோ எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டரோ (எலும்பை வெளியிலிருந்து பிடிக்கும் சட்டம்) போட்டு உடைப்பை நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே ஸ்டம்பை அமைத்தால் எட்டு, பத்து செ.மீ. மிஞ்சும். சேர நாளாகும், சில சமயம் சேராமலும் போகும். அப்போதும் மறுபடி சரிசெய்ய இடமிருக்கும்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டும்: அகற்றிய பாதத்தை உடனே அப்புறப்படுத்தக் கூடாது. அதுதான் கையிலுள்ள மிகச் சிறந்த உதிரி. கால் முழுதாகத் துண்டாகி வந்திருந்தால் ஈரச் சலைன் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது. உரிந்துபோன தோலும் அப்படியே. கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டால் அதையே தோல் ஒட்டாகத் திருப்பி வைக்கலாம், தொடையிலிருந்து எடுக்க வேண்டியது குறையும்.

இனி மூடும் வழிகள். எளிதிலிருந்து கடினத்துக்குப் போவது பழக்கம், ஆனால் இங்கே எளிது எது என்று கேட்பதைவிட ஸ்டம்பின் எந்த இடத்தில் தோல் இல்லை என்று கேட்பது பயன்தரும். உயிருள்ள தசை எலும்பை ஏற்கெனவே மூடியிருக்கிறது, மேலே தோல் மட்டும்தான் குறை என்றால் தோல் ஒட்டு போதும். 0.3 முதல் 0.4 மி.மீ. கனத்தில் எடுத்து, தேவைப்பட்டால் வலைபோல் ஒன்றுக்கு ஒன்றரை விரித்து ஒட்டுவார்கள். ஸ்டம்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே உறைபோல் போடும் சிலிக்கோன் லைனர்கள் வந்தபின் தோல் ஒட்டு போட்ட ஸ்டம்பும் செயற்கைக் காலைத் தாங்குகிறது, இதற்காக நீளத்தைக் குறைப்பது இன்று நியாயமில்லை. வெறும் எலும்பின் மேலும், டிபியாவின் முன்விளிம்பிலும், சில்லின் தசைநார் மேலும் மட்டும் தோல் ஒட்டு நிற்காது. முண்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஓட்டை என்றால் கெண்டைச்சதையின் உள்பாதியைத் திருப்பி மூடலாம். அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாய் முழங்காலின் பின்னால், மூட்டு மட்டத்திலேயே பிரிவதால் ஸ்டம்ப் குட்டையானாலும் அந்தச் சதை பிழைக்கும். விலை என்னவென்றால், முனைக்கு மெத்தையாக இருக்கவேண்டிய சதை அது.

முனையே மூடாமல் இருந்தால் உள்ளங்காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாதத்தின் எலும்புகள் நொறுங்கியிருக்கலாம், கணுக்கால் சிதைந்திருக்கலாம், ஆனால் உள்ளங்கால் தோல் பல சமயம் தப்பியிருக்கும். எடை தாங்கவே உருவான தோல் அது: தடிப்பானது, அடியில் நார்ச் சுவர்கள் பிரித்த கொழுப்புப் பொதிகள் கொண்டது, எலும்பின் மேல் நழுவாதது. அதை எடுக்கும் முறை இப்படி. உள்ளங்கால் தோலும் மேற்பாதத் தோலும் சந்திக்கும் கோட்டில் இருபுறமும் கீறுவார்கள். விரல்களை நீக்குவார்கள். பாத எலும்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும்போது கத்தி எலும்போடு ஒட்டியே போக வேண்டும். குதிகால் எலும்பை எடுக்கும்போதுதான் பொறுமை வேண்டும். கத்தி சதைப்பக்கம் சாய்ந்தால் குதிகாலின் கொழுப்புப் பொதிகள் திறந்துகொள்ளும், அங்கே போகும் சிறு நரம்புக் கிளைகளும் போய்விடும். உள்கணுக்காலுக்குப் பின்னால் ஓடும் தமனி, சிரைகள், டிபியல் நரம்பு மூன்றையும் ஒரே கட்டாக மேலே தொடர்ந்து பிரித்துக்கொண்டே போவார்கள்.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. நடுவிலுள்ள கணைக்கால் எலும்பை நீக்கிவிட்டுப் பாதத் தோலை மேலே தூக்கும்போது, ரத்தக்குழாய்க் கட்டு பதினைந்து, இருபது செ.மீ. மிச்சமாகும். அதை எங்காவது திணித்தால் கூர்மையாக மடியும். தமனி தாங்கும், சிரை தாங்காது. மெல்லிய சுவர் மடிந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே தசைகளுக்கு நடுவே இடம் செய்து, அகன்ற வளையமாகப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்த பிறகுதான் தைக்க வேண்டும். கணைக்கால் நடுப்பகுதி நசுங்கி அங்கே குழாய்களே கெட்டிருந்தால் வளையம் உதவாது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மைக்ராஸ்கோப் வைத்து மேலேயுள்ள நல்ல குழாயோடு நேராக இணைக்க வேண்டும். நரம்பையும் அதேபோல் இணைத்தால் மாதங்கள் கழித்து முனையில் தொடு உணர்வு வரும். கொப்புளம் வரும் முன்பே நோயாளிக்குத் தெரியவைக்கும் காவல் அது.

குதிகால் எலும்பில் ஒரு தட்டையும் தோலோடு சேர்த்துக்கொண்டு வரலாம். அதன் வெட்டுமுகத்தையும் டிபியாவின் வெட்டுமுகத்தையும் பொருத்தி இரண்டு திருகாணிகளால் இறுக்கினால், சில செ.மீ. எலும்பு நீளமும் கிடைக்கும், முனையிலேயே எடை தாங்கும் ஸ்டம்பும் கிடைக்கும். குட்டையான ஸ்டம்புக்கு இது பெரிய லாபம். எலும்பு சேர இரண்டு, மூன்று மாதம் எடை ஏற்றக்கூடாது. உள்ளங்கால் தோல் எலும்பிலிருந்து முழுதாக உரிந்திருந்தாலோ, டயர் நேராக ஏறி நசுக்கியிருந்தாலோ, விளிம்பை வெட்டினால் கருஞ்சிவப்பு ரத்தம் மட்டும் வழிந்தாலோ இந்த வழியை மறந்துவிட வேண்டும்.

உள்ளங்கால் கிடைக்காதபோதுதான் ஃப்ரீ ஃப்ளாப். உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு தமனியும் ஒன்றிரண்டு சிரைகளும் சேர்த்துத் தோலையோ தசையையோ எடுத்துவந்து, காலின் குழாய்களோடு இணைப்பது. எதைத் தேர்வது என்பதில் அறுவை நிபுணர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. முதுகின் அகன்ற தசை பெரிய காயத்தையும் மூடும், குழிகளுக்குள் அமரும், குழாய் நீளமாகவும் பருமனாகவும் இருக்கும். அதன் மேல் தோல் ஒட்டுதான் வரும். நரம்பு அறுந்ததால் மாதங்களில் மெலியும், அது சாக்கெட்டுக்கு நல்லது, ஆனால் தோல் ஒட்டு உரசலுக்குச் சீக்கிரம் உடையும். ஊன்றுகோலை அழுத்தி உடம்பைத் தூக்க உதவும் தசையும் அதுதான். இரண்டு கால்களையும் இழந்தவரிடம் அதை எடுக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

தொடையின் முன்-வெளிப்பக்கத் தோல் ஃப்ளாப்தான் என் கணிப்பில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளி மேல்முனைக்கு ஒரு கோடு போட்டால், நடுப்புள்ளியைச் சுற்றி 3 செ.மீ. வட்டத்துக்குள் தசையைத் துளைத்து வரும் சிறு குழாயை டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் கருவி) கேட்கலாம். அகலம் 8 செ.மீ. அளவுக்குள் இருந்தால் தொடையைத் தைத்தே மூடிவிடலாம். நல்ல தோல், கூடவே உறுதியான நார்ப்படலம். அந்தப் படலத்தை டிபியாவில் துளைகள் போட்டுக் கட்டினால் ஃப்ளாப் எலும்பின் மேல் வழுக்காது. அதன் தோல் நரம்பையும் இணைக்கலாம். பருமனானவரிடம் மட்டும் இது சரிவராது: நான்கு செ.மீ. கொழுப்போடு வரும் ஃப்ளாப், முனையில் தண்ணீர்ப் பையைப்போல ஆடும். அப்போது தோள்பட்டை எலும்பின் ஓரத்திலிருந்து எடுக்கும் தோலே நல்லது. செயற்கைக் காலின் லைனர் நடுத்தொடை வரை ஏறும் என்பதால், தொடைத் தழும்பை எங்கே முடிப்பது என்பதையும் முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

குழாய் இணைப்பில் ஸ்டம்புக்கு ஒரு வசதி இருக்கிறது. முழுக்காலைக் காப்பாற்றும்போது பாதத்துக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்காமல், தமனியின் பக்கவாட்டில் இணைக்க வேண்டியிருக்கும். இங்கே பாதம் இல்லை. எப்படியும் கட்டப்போகும் தமனியின் முனையிலேயே நேராக இணைத்துவிடலாம். கெண்டைச்சதைக்குப் போகும் கிளைகளும் கிடைக்கும். விதி ஒன்றுதான்: காயம்பட்ட பகுதிக்கு வெளியே, மேலே போய் இணைப்பது. அடிபட்ட சிரையின் உள்சுவர் பார்க்க நன்றாக இருந்தாலும் இரவில் உறையும். முன்பே சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுப்பதும், சிரைகளை டாப்ளரில் பார்ப்பதும் வீண் வேலை இல்லை.

எப்போது செய்வது? லூப்லியானாவின் மார்கோ கோடினா 1986-இல் வெளிவந்த தொகுப்பில், 72 மணி நேரத்துக்குள் செய்தபோது ஃப்ளாப் செத்தது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, அதன்பின் மூன்று மாதம் வரையில் செய்தபோது 12 சதவீதம் என்று காட்டினார். இன்று வேக்யூம் டிரெஸ்ஸிங்கும் மேம்பட்ட டிப்ரைட்மென்ட்டும் வந்தபின் ஏழு, பத்து நாள் வரை தள்ளுவதைப் பலர் ஏற்கிறார்கள். காயம் சுத்தமாகாமல் 72 மணிக்குள் மூடியாகவேண்டும் என்று பறப்பது மோசம். மூன்று வாரம் டிரெஸ்ஸிங் மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது அதைவிட மோசம். எலும்பு காய்ந்து, குழாய்களைச் சுற்றித் தழும்பு இறுகி, பிரிக்கவே முடியாமல் போகும்.

எலும்பு முனையைச் சீர்செய்வது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் பத்து வருடம் உறுத்துவது அதுதான். டிபியாவின் முன்விளிம்பை 45 பாகை சாய்வாக வெட்டி, அரத்தால் மழுக்க வேண்டும். பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவை அதைவிட 1 முதல் 2 செ.மீ. மேலே வெட்ட வேண்டும். கூடுதலாக விட்டால் பக்கத்தில் குத்தும், நிறையக் குறைத்தால் ஸ்டம்ப் கூம்பாகிவிடும். ரம்பம் ஓடும்போது சலைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எலும்பின் மேலுறையை வெட்டுக்கோட்டுக்கு மேலே உரிக்கக் கூடாது. சூட்டில் செத்து, உறையும் இழந்த எலும்பு பிறகு வளையமாகக் கழன்று சீழ் வைக்கும். தசைகளைக் காற்றில் விடாமல், டிபியாவில் சிறு துளைகள் போட்டு நாராலான உறையோடு கட்டுவார்கள். டிபியாவையும் ஃபிபுலாவையும் எலும்புப் பாலத்தால் இணைக்கும் முறை ஹங்கேரியின் யானோஷ் எர்ட்ல் தொடங்கியது. இரண்டு எலும்பும் ஒன்றையொன்று விலகி ஆடும் இளைஞருக்குப் பொருத்தமாக இருக்கலாம். ஆனால் பாலத்துக்காக நீளத்தைப் பலிகொடுப்பது இந்தச் சூழலில் தலைகீழ் வேலை.

மூட்டை ஒட்டிய மிகக் குட்டை ஸ்டம்பில் ஃபிபுலாவை முழுதாக எடுத்துவிடுவதே நல்லது. சிறு துண்டாக விட்டால் அது வெளிப்பக்கம் விலகி சாக்கெட்டில் இடிக்கும். எடுக்கும்போது அதன் தலையில் ஒட்டியுள்ள வெளிப்பக்கத் தசைநாரையும், தொடைப் பின்தசையின் நாரையும் டிபியாவில் மீண்டும் கட்ட வேண்டும். மறந்தால் முழங்கால் பக்கவாட்டில் ஆடும்.

நரம்புகள் ஐந்து: டிபியல், இரண்டு பெரோனியல், சூரல், சஃபீனஸ். பழைய முறை, மெல்ல இழுத்து உயரத்தில் வெட்டி, தசைக்குள் பின்வாங்க விடுவது. வெட்டிய நரம்பு முளைவிடுவதை இது தடுக்காது, முளைக்கும் இடத்தை மட்டும் மாற்றும். இப்போது வெட்டிய முனையை அருகிலுள்ள தசையின் சிறு இயக்க நரம்போடு இணைக்கிறார்கள், அல்லது சிறு தசைத் துண்டால் போர்த்துகிறார்கள். முளைக்கும் நரம்புக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடைப்பதால் கட்டி வலியும், இல்லாத பாதம் வலிப்பதும் குறைகின்றன. ஃப்ளாப் வைக்கும் அறுவையிலேயே செய்துவிடலாம். பிறகு தனியாகச் செய்வதென்றால், புதிதாக இணைத்த குழாய்களைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கும்.

தையல் கோடு டிபியாவின் முன்விளிம்பிலோ நேர் முனையிலோ விழக்கூடாது. ஃப்ளாப் முனையைச் சுற்றி மூன்று, நான்கு செ.மீ. மேலேறி முடிய வேண்டும். இறுக்கம் பற்றிய தீர்ப்பு அனுபவத்தில் வருவது: தளர்த்தியாகத் தைத்தால் வீக்கம் வடிந்தபின் சதை உருளும், சுண்டி இழுத்துத் தைத்தால் விளிம்பு கறுக்கும். கொஞ்சம் பெரிதாக வைத்துப் பிறகு குறைப்பதுதான் பாதுகாப்பு.

முதல் இரண்டு நாள் மணிக்கு ஒருமுறை ஃப்ளாப்பைப் பார்க்க வேண்டும். வெளுத்து, குளிர்ந்து, அழுத்திவிட்டால் நிறம் திரும்பாமல் இருந்தால் தமனி அடைப்பு. ஊதா நிறமாகி, வீங்கி, அழுத்தியதும் பளிச்சென்று நிறம் திரும்பினால் சிரை அடைப்பு. இரண்டாவதுதான் அடிக்கடி வருவதும், கவனிக்காமல் விடப்படுவதும். "காலையில் பார்ப்போம்" என்று தள்ளும் ஆறு மணி நேரத்தில் ஃப்ளாப் போய்விடும். சில மணி நேரத்துக்குள் திறந்து உறைகட்டியை எடுத்தால் பல ஃப்ளாப்புகள் பிழைக்கும்.

வீட்டார் செய்யும் பெரிய தவறு முழங்காலின் அடியில் தலையணை வைப்பது. வலிக்கு இதமாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். 20, 25 பாகைக்கு மேல் இறுகினால், அரும்பாடுபட்டுக் காத்த முழங்காலில் செயற்கைக் கால் பொருத்துவதே பெரும்பாடு. குட்டை ஸ்டம்பில் இது இன்னும் வேகமாக வரும், ஏனென்றால் மடக்கும் தொடைத் தசைகள் முழுதாக இருக்கின்றன, எதிர்ப்பக்கம் நெம்பும் நீளம் இல்லை. ஆகவே பின்பக்கம் பட்டை வைத்து நேராக நிறுத்தி, ஃப்ளாப் நிலைத்ததும் தொடை முன்தசைப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

மூன்று, நான்கு வாரத்தில் எலாஸ்டிக் கட்டு, குறுக்குமறுக்காக, முனையில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்த்தியாகவும். மேலே இறுக்கினால் ஃப்ளாப்பின் சிரை ரத்தம் தேங்கும். தற்காலிகக் கால் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதத்தில். ஃப்ளாப் வைத்த ஸ்டம்பின் பருமன் முதல் வருடம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும், சாக்கெட்டை இரண்டு, மூன்று முறை மாற்ற வேண்டிவரும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லைனர் அடியில் கம்பிப்பூட்டு உள்ள வகை, காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் முனைச் சதையைக் கீழே இழுக்கும். தோல் ஒட்டும் ஃப்ளாப்பும் உள்ளவருக்கு உறிஞ்சு முறையில் பிடிக்கும் சாக்கெட் பெரும்பாலும் ஒத்துவரும். உணர்வு இல்லாத ஃப்ளாப் என்றால் காலையும் இரவும் கண்ணாடி வைத்து முனையைப் பார்ப்பது வாழ்நாள் பழக்கம். ஆறு மாதம் கழித்தும் சதை கூடுதலாக இருந்தால் கொழுப்பை உறிஞ்சியோ வெட்டியோ குறைக்கலாம். மறு அறுவை தோல்வியின் அடையாளம் அல்ல. இந்த வழியைத் தேர்ந்தவர்களில் பலருக்கு ஒன்றாவது தேவைப்படும். குண்டுவெடிப்புக் காயங்களில் மென்தசைக்குள் எலும்பு முளைப்பதும் சகஜம். அது முதிரும் வரை காத்திருந்து, உறுத்தினால் மட்டும் எடுப்பார்கள்.

மறுக்க வேண்டிய சூழல்களும் உண்டு. ரத்த அழுத்தம் நிற்காமல் உயிரே ஊசலாடும்போது எட்டு மணி நேர மைக்ரோ சர்ஜரிக்கு இடமில்லை. அப்போதும் காயத்தைத் திறந்துவைத்து நீளத்தைக் காத்து, நிலைத்தபின் முடிவெடுக்கலாம். முழங்காலுக்குப் பின்னாலுள்ள தமனி வெகுநேரம் அடைபட்டு ஸ்டம்பின் தசையெல்லாம் செத்திருந்தால், மூட்டே நொறுங்கியிருந்தால், நீட்டும் தசைநாரைத் திருத்தவே முடியாது என்றால், ஃப்ளாப் எதையும் காப்பாற்றாது. முற்றிய சர்க்கரை நோயும் குழாய் அடைப்பும் உள்ளவருக்கும், புகையை விடாதவருக்கும் ஆபத்து கூடுதல். அங்கே கூட, தொடையில் வெட்டும் முன் முழங்கால் மூட்டோடு பிரிப்பது நடக்குமா என்று கேட்கலாம். நீண்ட நெம்புகோலும் முனையில் எடை தாங்கும் வசதியும் மிஞ்சும். ஆனால் அதற்கும் முனையை மூட நல்ல கெண்டைச்சதை வேண்டும்.

ஏற்கெனவே குட்டையாக மூடப்பட்டு, காயமும் ஆறிவிட்டவர்களுக்கு, எலும்பை வெட்டி வெளிச்சட்டத்தால் மெல்ல இழுத்து நீளமாக்கும் இலிசரோவ் முறை இருக்கிறது. டிபியாவை உறை கெடாமல் வெட்டி, ஐந்து முதல் ஏழு நாள் விட்டு, நாளைக்கு 1 மி.மீ. வீதம், நான்கு தவணையாக 0.25 மி.மீ. இழுப்பார்கள். புது எலும்பு இறுக, கூட்டிய ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஐந்து செ.மீ. என்றால் சட்டம் காலில் அரை வருடம் இருக்கும். எலும்பு வளரும், முனைத் தோல் அதே வேகத்தில் வளராது. எலும்பின் மேல் தோல் வெளுத்துக் கூடாரம்போல் நின்றால் இழுப்பை நிறுத்த வேண்டும். அதனால் முனைச் சதை மெலிந்தவர்களுக்கு முதலில் ஃப்ளாப், அது நன்கு நிலைத்தபின் இழுப்பு என்ற வரிசைதான் சரி. முழங்கால் மடங்கி இறுகாமல் இருக்கச் சட்டத்தைத் தொடை வரை நீட்டவும் வேண்டியிருக்கும். நான்கு செ.மீ. ஸ்டம்பு எட்டானால், நழுவிக்கொண்டிருந்த சாக்கெட் பிடிக்கத் தொடங்கும்.